பழைய பைக்கை வாங்கிப் போட்டால் தங்கம் மாதிரி ஏறுமா?

வாசகர் ஒருவர் கேட்டது:

"1969 ஹோண்டா சிபி750 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முதல் தொகுதி வண்டி, மணல் வார்ப்பு இன்ஜின் என்கிறார் விற்பவர். வாங்கினால் என் சேமிப்பில் பாதிக்கு மேல் போய்விடும். ஆனால் பழைய பைக்குகள் ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன, பத்து வருஷம் மூடி வைத்தால் மூன்று மடங்காகும் என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். வாங்கிப் போடலாமா?"

2025 பிப்ரவரி 9

"வாங்கிப் போடலாமா" என்ற சொல்லைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நிலத்தை வாங்கிப் போடலாம், அது பாட்டுக்குக் கிடக்கும். பைக்கை வாங்கிப் போட்டால் அது கிடக்காது, கெட்டுப்போகும். ரப்பர் காயும், பெட்ரோல் பிசினாகும், டேங்குக்குள் துரு பிடிக்கும். என்னிடம் இரண்டு பழைய வண்டிகள் இருக்கின்றன, இரண்டிலும் தப்புப் பண்ணியிருக்கிறேன், அதையெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் சொன்ன வண்டி. சிபி750 சாதாரண வண்டி இல்லை. நான்கு சிலிண்டர், 736 சிசி, 67 குதிரைத்திறன், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். இதெல்லாம் சேர்ந்து, கடையில் போய் வாங்கக்கூடிய விலையில் வந்த முதல் பெரிய வண்டி. முதல் 7,414 வண்டிகளின் இன்ஜின் உறை மட்டும் மணல் அச்சில் வார்த்தது. ஆயிரக்கணக்கில் விற்கும் என்று ஹோண்டாவே நினைக்கவில்லை, வருஷத்துக்கு 1,500 போதும் என்றுதான் திட்டம் போட்டார்கள், பிறகு மாசத்துக்கே அவ்வளவு தேவைப்பட்டது. அதனால்தான் ஆரம்பத்தில் விலை கூடிய அச்சுகளில் பணம் போடவில்லை. இன்று அந்த முதல் தொகுதிக்கும் அடுத்த வருஷ வண்டிக்கும் விலையில் பெரிய வித்தியாசம். ஆகவே விற்பவர் "மணல் வார்ப்பு" என்று சொன்னால் அந்த ஒரு சொல்லுக்குத்தான் நீங்கள் பாதிப் பணம் கொடுக்கிறீர்கள்.

இன்ஜின் நம்பர், ஃப்ரேம் நம்பர் இரண்டையும் எழுதி வாங்குங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதில் இரண்டு இடத்தில் தப்பு. யாரும் அதை நம்பிக் கிளம்பிவிட வேண்டாம்.

ஒன்று, இரண்டு நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றது. சிபி750இல் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இரண்டும் ஒன்றாக இருக்காது. ஒன்றுக்கொன்று நெருங்கிய எண்களாக இருக்கும், அவ்வளவுதான். சொல்லப்போனால் ஒரு சிபி750இல் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒரே எண்ணாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகமே வரும்.

இரண்டாவது, மணல் வார்ப்பு. பெயர்தான் அப்படி. உண்மையில் அவை உலோக அச்சில், அழுத்தம் கொடுக்காமல் ஊற்றி வார்த்தவை. மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்ததால் பார்த்தவர்கள் மணல் வார்ப்பு என்றார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் அழுத்த வார்ப்புக்கு மாறியபோது மேற்பரப்பு வழவழப்பானது. கையால் தடவிப் பார்த்தாலே தெரியும் என்பார்கள். ஆனால் மணல் வீசிச் சுத்தம் செய்த உறையும் சொரசொரப்பாகத்தான் இருக்கும், அதனால் கையை மட்டும் நம்பாதீர்கள்.

பிப்ரவரி 16

ஏல விலை பற்றி. செய்தியில் வருவது எல்லாம் உச்சாணிக் கொம்பு.

இந்த ஜனவரியில் லாஸ் வேகஸில் மீகம் ஏலத்தில் 1915 சைக்ளோன் பந்தய வண்டி ஒன்று 13.2 லட்சம் டாலருக்குப் போனது. அதே ஊரில், அதே நிறுவனத்தின் ஏலத்தில், 2015இல் இன்னொரு 1915 சைக்ளோன், நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் வைத்திருந்தது, 8,52,500 டாலர். 2023இல் 1908 ஹார்லி-டேவிட்சன் 'ஸ்ட்ராப் டேங்க்' 9,35,000 டாலர். 2018இல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 1951 வின்சென்ட் பிளாக் லைட்னிங் 9,29,000 டாலர். இவற்றைப் படித்துவிட்டுத்தான் கொட்டகையில் கிடக்கும் எல்லாப் பழைய வண்டிக்கும் ஆட்கள் விலை கூட்டுகிறார்கள்.

ஆனால் பாருங்கள், சைக்ளோன் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பிழைத்திருக்கிறது. பிளாக் லைட்னிங் செய்ததே முப்பது சொச்சம். நீங்கள் கேட்கும் வண்டி ஏழாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று, அதன் தம்பிகளோ லட்சக்கணக்கில் வந்தவை. இதையும் அதையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது.

இன்னொன்று, அந்த எண்களுக்குள் ஏல நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்திருக்கிறது. 8,52,500 என்றால் சுத்தியல் விழுந்தது 7,75,000இல், மேலே பத்து சதவீதம் வாங்கியவர் கட்டியது. விற்றவர் கையில் அந்த 7,75,000இலும் கமிஷன் போக மிச்சம்தான் போயிருக்கும். செய்தியில் வரும் விலை விற்பவருக்குக் கிடைக்கும் விலை இல்லை.

பிப்ரவரி 17

"அப்படியானால் 1969இலிருந்து சிபி750 விலை ஏறவே இல்லையா" என்று ஒருவர் கேட்கிறார். ஏறியது. அன்று அமெரிக்காவில் 1,495 டாலர். அந்தப் பணத்தின் வாங்கும் சக்தியை இன்றைய டாலரில் போட்டால் ஏறக்குறைய 13,000. ஒரு வண்டி இன்று 13,000க்கு விற்றால், பார்ப்பதற்கு எட்டு ஒன்பது மடங்கு ஏறின மாதிரித் தெரியும். உண்மையில் ஐம்பத்தைந்து வருஷத்தில் ஒரு ரூபாய்க்குப் பத்துப் பைசாகூடக் கூடவில்லை, இருந்த இடத்திலேயே நிற்கிறது. அதுவும் புத்தம் புதுசாகக் காத்த வண்டிக்கு.

மார்ச் 2

சரி, என் கதை.

பதினைந்து வருஷம் முன்னால் 1972ஆம் வருஷத்து சிபி750 கே2 ஒன்று வாங்கினேன். ஒரே கையில் இருந்த வண்டி. முதல் உரிமையாளர் இறந்த பிறகு அவர் மனைவி விற்றார். டேங்கில் பெயின்ட் மங்கி, முழங்கால் உரசும் இடத்தில் தேய்ந்து அடிப்பூச்சு தெரிந்தது. சீட்டுக்கடியில் ஸ்பேனர் பை, கையேடு, எல்லாம் அப்படியே. நான்கு சைலன்சரும் தொழிற்சாலையில் போட்டவை, எண் பொறித்தவை. அந்த அம்மா "அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைப்பார்" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

நான் என்ன பண்ணினேன் என்றால், வண்டியை அக்கக்காகக் கழற்றி ஒரு பட்டறையில் கொடுத்தேன். எல்லாம் புதுசு மாதிரி வேண்டும் என்று சொன்னதும் நான்தான். டேங்க் உரித்துப் புது பெயின்ட், எல்லாவற்றுக்கும் புது குரோம், அலுமினிய உறைகளைக் கண்ணாடி மாதிரித் தேய்த்தார்கள். சைலன்சர்கள் உள்ளே அரித்திருந்ததால் புதிதாகச் செய்த செட்டை மாட்டிவிட்டு, பழையதை என்னைக் கேட்காமலேயே காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். வண்டி பளபளவென்று வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, இந்த வண்டிகளை நாற்பது வருஷமாகப் பார்த்துவரும் பெரியவர் ஒருவர் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "பழைய டேங்க் பெயின்ட்டை ஃபோட்டோவாவது எடுத்து வைத்தீர்களா?" எடுக்கவில்லை. அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தேய்ந்த இடம் என்று நான் உரித்துப் போட்டது, ஒரு மனுஷன் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்து ஓட்டிய தடம். திரும்ப எந்தக் காசுக்கும் கிடைக்காது.

மார்ச் 3

கணக்கும் எழுதச் சொல்கிறார்கள். ரூபாய், டாலர் வேண்டாம், வாங்கிய விலை 100 என்று வைத்துக்கொள்வோம்.

பதினைந்து வருஷத்தில் 300 ஆனது. வருஷத்துக்கு 7.6 சதவீதக் கூட்டுவட்டி மாதிரித் தெரிகிறது, நல்ல வரவுதான். ஆனால் புதுப்பிக்க 80 செலவு. காப்பீடு, டயர், பேட்டரி, வைக்க இடம் என்று வருஷத்துக்கு 3, மொத்தம் 45. ஆகப் போட்டது 225. விற்கும்போது பத்து சதவீதக் கமிஷன் போனால் கைக்கு 270. பதினைந்து வருஷத்துக்கு லாபம் 45. விலைவாசி ஏற்றம் அதை அப்படியே விழுங்கிவிடும். இதில் என் ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்க்கவில்லை, அவற்றை நான் செலவாக நினைத்ததும் இல்லை.

மார்ச் 21

எந்த வண்டி ஏறும், எது இறங்கும் என்று கேட்டவருக்கு.

நான் பார்த்தவரை விலையை ஏற்றுவது இன்ஜின் இல்லை, வயசு. வண்டியின் வயசு இல்லை, வாங்குகிறவரின் வயசு. பதினாறு வயசில் சுவரில் படம் ஒட்டிவைத்து ஏங்கிய வண்டியை, பிள்ளைகள் படித்து முடித்து, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்த ஐம்பது வயசில் தேடிப் போகிறோம். அந்தத் தலைமுறை மொத்தமும் ஒரே நேரத்தில் தேடும்போது விலை குதிக்கிறது. 1972 கவாஸாகி இஸட்1, அதே வருஷத்து மூன்று சிலிண்டர் எச்2, 1978 ஹோண்டா சிபிஎக்ஸ் ஆறு சிலிண்டர் எல்லாம் இப்படி ஏறியவை. இப்போது எண்பதுகளின் டூ-ஸ்ட்ரோக், சுசுகி ஆர்ஜி500, யமஹா ஆர்டி500 பக்கமும், பந்தயத்துக்காகவே செய்த ஹோண்டா ஆர்சி30 பக்கமும் ஆட்கள் திரும்பியிருக்கிறார்கள். 1994 டுகாட்டி 916கூட 'பழைய வண்டி' வரிசைக்கு வந்துவிட்டது, எனக்கு நம்பவே முடியவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏங்கியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டால் ஏக்கமும் போய்விடும். 1920, 30களின் சாதாரண வண்டிகளை, தொடையில் கியர் கைப்பிடி இடிக்க, எண்ணெயைக் கையால் அடித்து ஓட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்த வகை வண்டிகளில் மிகச் சிறந்தவை தவிர மற்றவற்றுக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. நீங்கள் இன்று உச்ச விலை கொடுத்து வாங்கினால், இருபது வருஷம் கழித்து உங்களிடமிருந்து யார் வாங்கப்போகிறார்கள்? சிபி750ஐப் பார்த்து ஏங்கிய பையன்களுக்கு இப்போதே எழுபது வயசு.

ஏப்ரல் 4

நம்பர் விஷயத்தில் திரும்பத் திரும்பக் கேள்வி வருகிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வழக்கம். 1960களின் ட்ரையம்ஃபில் இன்ஜினும் ஃப்ரேமும் ஒரே எண். அதே காலத்து பிஎஸ்ஏவில் அறுபதுகளின் நடுப்பகுதி வரை ஒரே எண் கிடையாது, தொழிற்சாலை அனுப்பிய பதிவேட்டைப் பார்த்தால்தான் எந்த இன்ஜின் எந்த ஃப்ரேமோடு போனது என்று தெரியும். பிஎஸ்ஏவின் பெயர்பெற்ற மாடலான கோல்டு ஸ்டார் என்று சொல்லி விற்கப்படும் வண்டிகளில் போலி இருப்பதற்கு இது ஒரு காரணம், சாதாரண பிஎஸ்ஏ ஃப்ரேமில் நல்ல இன்ஜினை மாட்டிவிடலாம்.

போருக்குப் பிந்தைய வின்சென்ட் இரட்டை சிலிண்டரில் எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. மேல் ஃப்ரேமிலும் பின் ஃப்ரேமிலும் ஒரே எண். இன்ஜின் எண்ணோடு 1900 கூட்டினால் அந்த ஃப்ரேம் எண் வர வேண்டும். கிராங்க் கேஸ் என்ற இன்ஜின் உறையின் இரண்டு பாதியிலும் தனியாக ஒரு ஜோடி எண் இருக்கும், அதுவும் பொருந்த வேண்டும். நான்கு இடமும் பொருந்தினால் வண்டி பிறந்த மாதிரியே இருக்கிறது என்று அர்த்தம். கூட்டல் தெரிந்த யாரும் சரிபார்க்கலாம். எண்ணை அழித்துத் திரும்ப அடித்திருக்கிறார்களா என்று பார்க்க மட்டும் பழகிய கண் வேண்டும், எழுத்தின் உருவம், ஆழம், சுற்றியுள்ள உலோகம் அரம் போட்ட மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வின்சென்ட் என்றதும் அந்தப் படம் ஞாபகம் வருகிறது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் பான்வில் உப்புத் திடலில் ரோலி ஃப்ரீ, காற்றுத் தடையைக் குறைக்க நீச்சல் உடையோடு வண்டியின் மேல் குப்புறப் படுத்து, கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு மணிக்கு 150 மைல் தாண்டிய படம். என் மாமா வீட்டுச் சுவரில் அது இருந்தது. நான் பத்து வயசில் அதைப் பார்த்து, ஏன் இப்படிப் படுத்திருக்கிறார் என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு மைல் வேணும்னு" என்றார் மாமா. பைக் பைத்தியம் எனக்கு அன்று பிடித்ததுதான்.

மே 18

இரண்டாவது வண்டி. 1973 யமஹா ஆர்டி350, 347 சிசி, டூ-ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர்.

கே2வில் பட்ட பாட்டுக்கு நேர் எதிராகப் போனேன். எதையும் தொடுவதில்லை, ஓட்டுவதுகூட இல்லை, கிலோமீட்டர் ஏறினால் விலை இறங்கும் என்று போர்வை போட்டு மூடினேன். ஆறு வருஷம். போன மாசம் திறந்தால் டேங்கில் பெட்ரோல் கெட்டு வார்னிஷ் நாற்றம், எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீர் தங்கி, அந்த மட்டத்துக்கு வளையமாகத் துரு. கார்புரேட்டர் ஜெட் அடைப்பு. ஒரு பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம், அதைப் படித்தால் ஒன்பது வருஷப் பழசு, பள்ளம் எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது ஆனால் விரலால் அழுத்தினால் மரக்கட்டை.

பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் என்ற சுழல் தண்டின் இரண்டு முனையிலும் ரப்பர் சீல் இருக்கிறது. ஓட்டாமல் வைத்தால் காய்ந்து சுருங்கும், அதன் வழியே காற்று புகுந்து பெட்ரோல் கலவை மெலியும், சூடேறி பிஸ்டன் பிடிக்கும். ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனால் நாலு கிலோமீட்டரில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நல்லவேளை நான் எடுக்கவில்லை, கிராங்கை வெளியே எடுத்துப் புது சீல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மே 19

"ஒரு பக்கம் தொடாதே என்கிறீர்கள், இன்னொரு பக்கம் தொடாமல் கெட்டது என்கிறீர்கள்" என்று ஒருவர் பிடித்துவிட்டார். சரியான பிடி. யோசித்துப் பார்த்தேன். வெளித்தோற்றத்தைத் தொடாதீர்கள், உள்ளே இயங்குவதைச் சும்மா விடாதீர்கள். பெயின்ட், குரோம், சீட் துணி, ஸ்டிக்கர் எல்லாம் ஒரு தடவைதான் ஒரிஜினல். சீல், டயர், பிரேக் குழாய், செயின், எண்ணெய் இவை எல்லாம் மாற்றுவதற்காகவே செய்தவை. கழற்றிய எதையும் தூக்கிப் போடாதீர்கள், அரித்த சைலன்சராக இருந்தாலும் பெட்டியில் போட்டு வையுங்கள்.

முழுக்கத் துருப்பிடித்துப் போனதற்கும் விலை உண்டா என்றால், உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. 2016இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் போட்மின் மூரில் கொட்டகைகளில் ஐம்பது வருஷத்துக்கு மேல் கிடந்த பிரப் சுப்பீரியர் என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனியின் எட்டு வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. பாதி துண்டு துண்டாக. அதில் 1938ஆம் வருஷத்து பிஎஸ்4, ஆஸ்டின் கார் இன்ஜின் வைத்து, பின்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சக்கரத்தோடு செய்தது, 3,31,900 பவுண்டுக்குப் போனது. அந்த வகையில் செய்ததே பத்து வண்டிதான். துருவுக்காக யாரும் பணம் கொடுக்கவில்லை, யாரும் கை வைக்காமல் இருந்ததற்காகக் கொடுத்தார்கள்.

ஜூன் 29

ஆர்டி ஓடுகிறது. இன்று காலை எட்டு கிலோமீட்டர். புகை கொஞ்சம் அதிகம்.

ஜூலை 13

கேள்வி கேட்டவர் இத்தனை நாள் கழித்து எழுதியிருக்கிறார். வண்டியைப் போய்ப் பார்த்திருக்கிறார். ஃப்ரேம் நம்பர் உண்மையிலேயே முதல் 7,414க்குள். இன்ஜின் நம்பர் அதற்குப் பல ஆயிரம் தள்ளி, உறை வழவழப்பு. விற்பவரிடம் கேட்டபோது முதலில் மழுப்பி, அப்புறம், தன் அப்பா காலத்தில் செயின் அறுந்து இன்ஜின் உறை உடைந்ததால் வேறு இன்ஜின் மாட்டியதாகச் சொன்னாராம்.

இது நம்பக்கூடிய கதை. ஆரம்ப சிபி750களில் இது தெரிந்த கோளாறு. அந்த வேகத்தையும் இழுவையையும் அன்றைய செயின் தாங்கவில்லை, அறுந்து சுருண்டு கிராங்க் கேஸின் பின்பக்கத்தை உடைத்துவிடும். முதல் தொகுதி உறைகள் இன்று அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முழு மணல் வார்ப்பு வண்டியின் விலை இதற்குக் கிடையாது. ஆனால் இது மோசடி வண்டியும் இல்லை, நன்றாக ஓட்டப்பட்ட வண்டி.

என்னைக் கேட்டால், முதலீடு என்று நினைத்தால் விட்டுவிடுங்கள். ஓட்டுவதற்கு என்றால், சாதாரண கே0, அதாவது மணல் வார்ப்புத் தொகுதிக்கு அடுத்து வந்த சிபி750, அதன் விலைக்குப் பேசுங்கள், கொடுத்தால் எடுங்கள், சேமிப்பில் பாதி போகாது. பழைய இன்ஜினின் உடைந்த உறை அவர்கள் வீட்டில் எங்காவது கிடக்கிறதா என்று கேளுங்கள். கேட்க மறக்காதீர்கள்.

ஆகஸ்ட் 3

வாங்கிவிட்டாராம். முதலில் சொன்ன விலையில் பாதிக்குச் சற்றுக் கூட. அப்பாவின் அலமாரியில், துணி சுற்றி, உடைந்த உறையின் நம்பர் இருக்கும் பாதி கிடைத்திருக்கிறது. படம் அனுப்பியிருந்தார், ஃப்ரேம் எண்ணுக்குப் பதினோரு எண்தான் தள்ளி. எனக்குக் கை நடுங்கியது. அதை ஒட்டவோ தேய்க்கவோ வேண்டாம் என்று உடனே எழுதினேன், துணியையும் தூக்கிப் போட வேண்டாம்.

அடுத்த ஞாயிறு முதல் ஓட்டம் போகிறார். கிளம்புவதற்கு முன் செயினைப் பாருங்கள். பின்சக்கரப் பல்லில் மாட்டியிருக்கும் இடத்தில் செயினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள், பல்லின் பாதி வெளியே தெரிகிற அளவுக்கு எழும்பினால் அன்று போகாதீர்கள், புதுசு மாட்டிவிட்டு அடுத்த வாரம் போகலாம்.